இரண்டு விரற்கடை

ஜனவரி 11: முன்பணம் 24,000.
மார்ச் 1: கூலி 2,800.
ஏப்ரல் 1: கூலி 3,000.
மே 1: கூலி 3,000.
ஜூன் 1: கூலி இல்லை.

பெண்கள் நெசவுச் சங்கத்தின் பதிவேட்டில் அளவுகாரியின் பக்கம் இது. அவள் தறியிலிருந்து அறுத்த போர்வை எதுவும் அளவில் குறைந்ததில்லை என்பதால் அந்தப் பெயர்.

பத்தொன்பது வருடம் கணவனின் அண்ணன் தறியில் நெய்தாள். கூலி அவர் கைக்குப் போயிற்று. போர்வை வாங்கும் கம்பெனி தந்த முன்பணத்தில் சொந்தத் தறி வாங்கினாள். நூற்றைம்பது போர்வைகளைக் கம்பெனி ஒப்புக்கொள்ளும்வரை தறி அவர்களுக்கு ஈடு.

தறி சங்கத்துக்கு வந்த அன்று, கணக்கெழுதும் என்னிடம் ரசீதை நீட்டினாள்.

"கணக்கையா, என் பேருதானே போட்டிருக்கு?"

"உன் பேருதாம்மா."

"பேரு வச்சாச்சு, தொட்டில் கட்டிடலாமா?" என்றாள் ஓரகத்தி.

தறியில் விறைப்பாக நிற்கும் துணி, அறுத்ததும் இரண்டு விரற்கடை உள்வாங்கும். அதையும் கூட்டியே தன் அளவுகுச்சியை வெட்டி வைத்திருந்தாள். ஆனால் இம்முறை நூல் கம்பெனி கொடுத்தது, அவளுக்குப் பழகாத நூல்.

ஏப்ரல் 2, மழை. சங்கக் கூரை ஒழுகி ஒரு போர்வை நனைந்தது. காய்ந்தபின் அளந்தேன். மேலும் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

"நனைஞ்சா எதுதான் சுருங்காது? உங்க சட்டையைப் பாருங்க, தொப்புள் தெரியுது!" என்றாள் ஓரகத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அளவை எழுதி வைத்தேன்.

மறுநாள் அளவுகாரியின் தறியருகே புதுக் குச்சி இருந்தது, பழையதைவிட நீளமாக. அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய குச்சியால் அளந்த ஐம்பத்தெட்டுப் போர்வைகள் ஏற்கெனவே கம்பெனிக்குப் போய்விட்டிருந்தன.

மே 22-இல் முதல் கடிதம்: துவைத்த போர்வைகள் குட்டையாகிவிட்டன, விசாரிக்கிறோம், அதுவரை கூலி கிடையாது. ஜூன் 12-இல் இரண்டாவது: தவறு நெய்தவருடையது என்று தெரிந்தால் தறியை எடுத்துக்கொள்வோம், முடிவை அடுத்த கடிதத்தில் தெரிவிப்போம்.

அந்த வாரம் கணவனின் அண்ணன் சங்கத்துக்கு வந்தார். "பழைய தறி சும்மாதான் கிடக்கு" என்றார்.

"கிடக்கட்டும்."

அவர் உடனே போகவில்லை. புதுத் தறியைச் சுற்றி வந்து, மரச்சட்டத்தை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். அவள் தலை நிமிராமல் நெய்தாள்.

நூற்றைம்பதாவது போர்வை பாதியில் இருந்தது. வாசலில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் மிதிபலகையில் அவள் கால் நின்றது.

மூன்றாவது கடிதம் வந்த தேதி: ஜூலை 2. உறையைப் பிரிக்காமல் அவளிடம் நீட்டினேன்.