பாதி விலைக்குத் தீர்ந்த வழக்கு

அஜின்கோர்ட்டில் எங்கள் குடும்ப டாக்டரின் கிளினிக்கில் என் அப்பாவைக் கூப்பிட்டால் நான்தான் எழும்பிப் போவேன். அப்பா இறந்து கனகாலம். ஆனால் கனடாவின் எல்லாக் காகிதங்களிலும் அவருடைய பெயர்தான் என் கடைசிப் பெயர். ஊரில் அப்பாவின் பெயரை முன்னால் எழுதி, அதற்குப் பின்னால் எங்கள் பெயரை எழுதுவோம். விமான நிலையத்தில் எங்களைப் பதிந்த அதிகாரிக்கு அது விளங்கவில்லை. அவர் தன் பாட்டுக்கு ஒன்றை எழுதினார், அதுவே நிலைத்துவிட்டது. எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. ரிசெப்ஷனில் இருக்கும் பிள்ளை அப்பாவின் பெயரை உடைத்து நொறுக்கி வாசிக்கும்போது மட்டும் கொஞ்சம் வரும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், போன வசந்தத்தில் நான் விட்ட ஒரு பிழை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் அந்தப் பிழையை விட்டிருக்கமாட்டார்கள்.

நான் வீட்டில் இருந்தே வேலை செய்கிறேன். பழைய நீதிமன்றக் கட்டுகளை யாரோ எங்கேயோ ஸ்கான் செய்து அனுப்புவார்கள். டோர்செட் பார்க் பகுதியில், பதினோராம் மாடியில், எங்கள் குசினி மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நான் அந்தக் கையெழுத்தை வாசிப்பேன். வழக்காளி யார், எதிராளி யார், சாட்சிகள் யார், எந்தப் பொருளைப் பற்றிய வழக்கு என்று ஒரு படிவத்தில் ஏற்றுவேன். பிற்காலத்தில் யாராவது தங்கள் பூட்டனைத் தேடினால் அந்தப் பெயர் அகப்படும். பதினான்கு வருடம் டோனட் கடையில் நின்று முழங்கால் போன பிறகு கிடைத்த வேலை இது. பெயர்களை வெளியே சொல்லமாட்டேன் என்று சேரும்போதே கையெழுத்து வைத்திருக்கிறேன். அதனால் இங்கே ஒருவருடைய பெயரும் வராது.

அதுவரை எனக்கு வந்ததெல்லாம் ஒன்ராறியோக் காணி வழக்குகள். வேலி எங்கே, கிணறு யாருக்கு என்று ஆளையாள் கடித்துக் குதறியிருப்பார்கள், எங்கள் ஊர்க் காணி வழக்குகளுக்கு ஒரு குறையும் இல்லாமல். போன வசந்தத்தில்தான் முதல்முறையாக அமெரிக்கக் கட்டு ஒன்று வந்தது. ஒஹாயோ ஆற்றில் ஓடிய ஒரு நீராவிப் படகின் வழக்கு. நூற்றெழுபது, நூற்றெண்பது வருடம் பழையது.

கதை சின்னது. ஆற்றின் தென்கரையில் ஒரு புகையிலை வியாபாரி. அவருடைய பீப்பாய்களை ஒரு படகுக்காரர் ஒரு பருவம் முழுக்க ஏற்றி இறக்கியிருக்கிறார். வியாபாரி கூலி கொடுக்கவில்லை. இன்று, நாளை என்று இழுத்து, கடைசியில் இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். வியாபாரி ஓர் ஆளைப் படகுக்கு அனுப்புவார். அந்த ஆள் பத்து மாதம் கொதிகலனுக்கு விறகு போடவேண்டும். அவருடைய சம்பளம் கடனில் கழியும்.

கட்டுடன் படகின் ஆள்வரிசைப் பதிவும் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒருவர். இந்த ஆளின் வரியில் முதலில் வியாபாரியின் பெயர், அதற்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெயர். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. முன்னால் நிற்பது அப்பாவின் பெயர், பின்னால் நிற்பது பிள்ளையின் பெயர். பிறந்த நாளில் இருந்து அப்படித்தானே வாசிக்கிறேன். படிவத்தில் அவரை வியாபாரியின் மகன் என்று ஏற்றிவிட்டேன்.

ஏற்றியதோடு நிற்கவில்லை. மூன்று நாளாக அந்தத் தகப்பனை மனதுக்குள் வைத்து வறுத்தெடுத்தேன். புகையிலையை ஏற்றி விற்றது நீ, காசைக் கொடுக்காமல் விட்டது நீ, பெற்ற பிள்ளையை நெருப்புக்கு முன்னால் நிறுத்துகிறாய், நீயெல்லாம் ஒரு தகப்பனா என்று கறிக்கு வெங்காயம் வெட்டும்போதும் திட்டிக்கொண்டே நின்றேன். இவரிடமும் சொன்னேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர். இருபது வருடம் மொன்றியலுக்கும் டிட்ராய்ட்டுக்கும் ட்றக் ஓட்டி ஓய்ந்தவர். அந்தக் காலத்துத் தகப்பன்மார் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அவர் டீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

நாலாம் நாள் நாற்பத்துச் சொச்சமாவது பக்கத்தில் ஒரு மதிப்பீட்டுத் தாள் வந்தது. படகின் நங்கூரம் இன்ன விலை, கயிறு இன்ன விலை என்று போய், அந்தச் சின்னப் பெயருக்கு எதிரேயும் ஒரு விலை இருந்தது. வயது, பல் நிலை, முதுகுப் பலம் எல்லாம் எழுதியிருந்தது.

நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். முன்னால் நின்ற பெயர் அவருடைய அப்பாவின் பெயர் இல்லை. அவரை வைத்திருந்தவனின் பெயர். அடிமை என்ற சொல் அதுவரை ஒரு பக்கத்திலும் வரவில்லை. நல்ல பிள்ளைகள் மாதிரி எல்லோரும் 'ஆள்', 'ஆள்' என்றே எழுதியிருந்தார்கள். மூன்று நாளாக அந்த மனிதரை அவனுடைய பிள்ளையாக்கி வைத்திருந்தேனே என்று எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதற்குமேல் கோபம். மனிதரை விற்றார்கள் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எங்கள் வீட்டில் பாசத்துக்கு எழுதும் இடத்தில் அவன் தன் உரிமைப்பத்திரத்தை எழுதி வைத்திருந்தான்.

பிழையைத் திருத்தவேண்டும். எங்கள் குழுவுக்குப் பொறுப்பான தம்பியை அழைத்தேன். அவரும் எங்கள் தமிழ்ப் பிள்ளைதான், இங்கே ரெக்ஸ்டேலில் வளர்ந்தவர், கெட்டிக்காரர். கேட்டுவிட்டு, பெயரை அழித்துவிடச் சொன்னார்.

“அன்ரி, அவர் பார்ட்டி இல்லை, வழக்காளியும் இல்லை, எதிராளியும் இல்லை. பார்ட்டி இல்லாத ஆக்களை நாங்கள் போடுறேல்லை. பொருள் எண்ட பொக்ஸுக்குள்ள போடுங்கோ. லிஸ்ற்றில இருக்கு, எண்ணிக்கை ஒண்டு எண்டு அடியுங்கோ.”

திறந்து பார்த்தேன். இருந்தது. உப்பு, பன்றியிறைச்சி, புகையிலை, அதற்குக் கீழே அடிமை. எண்ணிக்கைக்கு ஒரு பெட்டி. இப்போது, இந்த வருடம், குளிரூட்டிய ஓர் அலுவலகத்தில் சம்பளம் வாங்கும் யாரோ இருந்து யோசித்து அந்தப் பட்டியலைச் செய்திருக்கிறார். நான் அடிக்கமாட்டேன் என்றேன். அந்தக் காலத்துப் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படித்தானே ஏற்றவேண்டும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அடிக்காமல் விட்டால் என்னுடைய தரப் புள்ளி குறையும், இரண்டுமுறை குறைந்தால் கட்டுகள் வருவது நிற்கும் என்பதையும் சொன்னார். அவர் வெருட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த இவரிடம் கொட்டினேன். இவர் சோற்றைக் குழைத்தபடி கேட்டார்.

“உது லோட் கிளெய்ம்தானே. சரக்குத் துலைஞ்சால் ஆரின்ர தலையில கட்டுறது எண்டு சண்டை. நாங்கள் காணாததே?”

அது சரக்கு இல்லை, மனிசன் என்று சொல்லி நான் குழம்புச் சட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். அன்று அவர் மிச்சச் சோற்றைத் தயிரோடு தின்றார்.

ஆனால் இவர் சொன்னது சரி. நீதிமன்றத்துக்கு அது அவ்வளவுதான். மிச்சத்தை வாசித்தபோது விளங்கியது. ஒப்பந்தத்தின் நாலாம் மாதத்தில் ஒரு விடியற்காலை, படகு விறகு ஏற்ற வடகரைக்குக் கிட்ட நின்றபோது, ஆளைக் காணவில்லை. தென்கரையில் மனிதரை விற்கலாம், வடகரையில் அந்தச் சட்டம் இல்லை. நடுவில் ஆறு. ஒப்பந்தத்தில் ஒரு வசனம் இருந்தது: ஆள் ஓடிப்போனால் நட்டம் வியாபாரிக்கு, வேலையில் செத்தால் நட்டம் படகுக்காரருக்கு. ஆகவே வியாபாரி வந்து, ஆள் தவறி விழுந்து செத்துப்போனார், கைபிடிக் கம்பி சரியில்லை, ஆளின் விலையை என் கடனில் கழித்து மிச்சத்தைத் தா என்று வழக்குப் போட்டார். படகுக்காரரோ, அவர் நீந்திப் போய்விட்டார், உயிரோடு இருக்கிறார், என் கூலியைத் தா என்றார்.

அந்த மனிதரை அடிமையாக வைத்திருந்தவன் அவர் செத்துவிட்டார் என்று சத்தியம் செய்கிறான். செத்தால்தான் அவனுக்கு லாபம். அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னவனாவது அவருக்காகச் சொன்னானா என்றால் அதுவும் இல்லை. அறுபது பக்கம் சண்டை பிடித்தவர்களில் ஒருவன்கூட அவர் கரையேறினாரா என்று அறியவேண்டும் என்பதற்காகக் கேட்கவில்லை.

கடைசித் தாளை எடுத்தேன். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. தீர்ப்பு என்ன சொன்னாலும், அவர் தப்பினாரா, மூழ்கிச் செத்தாரா?

தீர்ப்பு இல்லை. இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள். ஆள் செத்தாரா ஓடினாரா என்று நிரூபிக்க முடியாதபடியால், அவருடைய விலையில் சரிபாதியைக் கடனில் கழிப்பது, வழக்குச் செலவை ஆளுக்குப் பாதி ஏற்பது. கீழே இரண்டு கையெழுத்து. நீதிபதியும் சந்தோஷமாக ஒப்பமிட்டிருந்தார். பாதி செத்தார், பாதி தப்பினார். படித்த மனிதர் மூன்று பேர் மேசையைச் சுற்றி இருந்து ஒரு மனிதருக்கு அப்படிக் கணக்கு முடித்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போயிருப்பார்கள். நான் கம்ப்யூட்டரைப் பட்டென்று மூடியதில் தேத்தண்ணீர்க் கோப்பை விழுந்து கைப்பிடி போய்விட்டது.

அடுத்த நாள் எங்கள் வேலை விதிகளை முதல் பக்கத்தில் இருந்து வாசித்தேன். அதில் ஒரு விதி: ஒருவர் சொன்ன வார்த்தை கட்டில் பதிவாகியிருந்தால் அவரைச் சாட்சியாக ஏற்றலாம். உடனே கட்டை முதலில் இருந்து தேடினேன். படகின் சமையற்காரர் கொடுத்த வாக்குமூலத்தில் அகப்பட்டது. காணாமல் போவதற்கு முதல்நாள் பின்னேரம் அந்த மனிதர் சமையலறை வாசலுக்கு வந்து, இந்த மாதத்தில் தண்ணீர் எவ்வளவு குளிராக இருக்கும் என்று கேட்டாராம். மிகவும் குளிர் என்று சமையற்காரர் சொன்னாராம். அவ்வளவுதான். இதை வைத்தும் இரண்டு வழக்கறிஞர்களும் வாதாடியிருந்தார்கள். பார், நீந்தத் திட்டம் போட்டிருக்கிறார் என்று ஒருவர். பார், அந்தக் குளிரில் மூழ்கிச் செத்திருப்பார் என்று மற்றவர்.

அந்தப் பக்கத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். வாசித்துவிட்டு அவரே அழைத்தார். “ஓகே அன்ரி, ஒரு வசனம் இருக்கு. சாட்சியில போடுங்கோ,” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

போடப் போனால் படிவம் கடைசிப் பெயர் கேட்டது. அவருக்கு ஒரு பெயர்தான். கடைசிப் பெயர் இல்லாத அடிமைக்கு உரிமையாளரின் பெயரைப் போடவும் என்று விதி சொன்னது. நான் முதல் நாள் செய்து வெட்கப்பட்ட அதே பிழையை இப்போது சரியென்று செய்யச் சொல்கிறார்கள். ஒற்றைப் பெயரோடு வந்த எங்கள் ஆட்கள் சிலருக்குக் குடிவரவில் அதையே இரண்டுமுறை எழுதிவிட்டிருக்கிறார்கள். நானும் அவருடைய பெயரை இரண்டு பெட்டியிலும் அடித்தேன். அவர் பெயருக்கு அவரே சொந்தம்.

அதற்குக் கீழே இன்னொரு கேள்வி: சாட்சி வழக்கின்போது உயிரோடு இருந்தாரா? ஆம், இல்லை. தெரியாது என்பதற்கு இடமே இல்லை. அதில் என் கை நின்றுவிட்டது. இரண்டு நாள் அந்தப் படிவத்தைச் சேமிக்காமல் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை இவரைக் கூட்டிக்கொண்டு ஸ்காபரோ மலைச்சரிவுக்குக் கீழே ஏரிக்கரைக்குப் போனேன். ஏன் என்று சொல்லவில்லை. அவர் ஆற்றில் காணாமல் போனதும் அப்படியொரு வசந்தத்தில்தான். சப்பாத்தோடு ஈரக் கல்லில் குந்தி, மணிக்கட்டுவரை கையைத் தண்ணீரில் வைத்தேன். முப்பது எண்ணுவதற்குள் விரல்கள் என்னுடையவை இல்லை என்று ஆகிவிட்டது. இதற்குள் எப்படி நீந்துவது என்று இவரிடம் கேட்டேன். அப்போதுதான் முழுவதையும் சொன்னேன், சமையற்காரரிடம் அவர் கேட்ட கேள்வியையும்.

இவர் என் கையைத் தன் ஜாக்கெட் பைக்குள் இழுத்து வைத்தார். ஊரில் யுத்த நாட்களில் கிளாலிக் கடல்நீரேரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, படகு வரும்வரை காத்துக் கடந்தவர் இவர். அதைப் பற்றி வீட்டில் கதைக்கமாட்டார்.

“குளிர் எண்டு சொன்னாப் பிறகும் இறங்கினவரெல்லோ,” என்றார். “கிளாலியில நாங்கள் தண்ணி குளிரோ எண்டு பாத்தே இறங்கினனாங்கள்?”

திங்கட்கிழமை காலை தேத்தண்ணீர் போடுவதற்கு முதலே கம்ப்யூட்டரைத் திறந்தேன். பொய் எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் பொய் எழுதவும் தேவையில்லை. வழக்காளி, எதிராளி, நீதிபதி மூன்று பேரும் சேர்ந்து, பாதிக்குப் பாதி அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒப்பமிட்ட தாள் என் முன்னால் இருந்தது. செத்த பாதியை அவர்கள் கடனில் கழித்துவிட்டார்கள். மிச்சப் பாதியை நான் எடுத்துக்கொண்டு, ஆம் என்பதை அழுத்திச் சேமித்தேன்.