புஷ்பா அக்காவின் கொண்டிஸ் தொட்டி

புஷ்பா அக்கா போய்விட்டார். முந்தாநாள் விடிய. ஹார்ட் என்று டொக்டர் சொன்னாராம்.

நேற்று மஹய்யாவ மயானத்தில் அடக்கம் முடிந்தது. அழ வேண்டியதை அழுதாயிற்று. இப்போது எனக்கு வருவது அழுகை இல்லை... கோபம்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்குறணைப் பக்கம் ஒரு சின்ன பெக்டரியில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். பாத்ரூம் பைப்பின் கைப்பிடி, ஷவர்... உங்கள் வீட்டிலும் இருக்கும். எவர்சில்வர் போலப் பளபளக்கும், ஆனால் உள்ளே வெறும் பிளாஸ்டிக். மேலே மெல்லிய உலோகப் பூச்சு மட்டும்தான்.

பிளாஸ்டிக்கில் உலோகம் லேசில் ஒட்டாது. முதலில் அசிட்டில் ஊறப்போட்டு, கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழ வைக்க வேண்டும். அந்தக் குழிகளில்தான் பூச்சு பிடித்துக்கொள்ளும்.

அந்த வேலைக்கு, முன்பெல்லாம் குரோமிக் அசிட்தான். செக்கச் செவேல் என்றிருக்கும். நாங்கள் அதற்கு வைத்த பெயர் "ரசம்". மிளகு ரசம் மூக்கைத் திறக்கும், இது மூக்கையே அரிக்கும். அக்கா மூக்குத் துடைக்கும் லேஞ்சியில் எப்போதும் இரத்தப் பொட்டு இருந்தது.

கழுவின தண்ணீர் மஞ்சளாகக் கீழே ஓயா ஆற்றுக்குப் போகும். ஒருநாள் கீழே போன அக்கா, அங்கே ஒரு தாய் தன் பிள்ளையைக் குளிப்பாட்டுவதைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

முதலாளி வந்தார். "என்ன புஷ்பா இது? ஓட்டைச் சட்டின்னாலும் கொழுக்கட்டை வெந்தா சரிதானே?"

"வேகுறது கொழுக்கட்டை இல்ல மொதலாளி. நாங்க."

"நீ செய்யலன்னா வேற ஆள் செய்யும்."

"வேற ஆளுக்கும் மூக்கு இருக்குதானே?"

சும்மா சொல்லக் கூடாது, அக்காவுக்கு வாய் நீளம். என் சோற்றுப் பார்சலில் இருக்கும் பொரியலை எடுத்துத் தின்றுகொண்டே எனக்குப் புத்தி சொல்லும் ஆள். ஆனால் அன்றைக்கு அந்த வாய் எங்கள் எல்லாருக்காகவும் பேசியது.

ஸ்டோரில் ஒரு சாம்பிள் கேன் கிடந்தது. கொழும்பு ஏஜென்ட் எப்போதோ வைத்துவிட்டுப் போனது. குரோமியம் இல்லாத மருந்து... ஊதா நிறம், பர்மங்கனேட். புண் கழுவவும் கீரை கழுவவும் வீட்டில் வைத்திருப்போமே கொண்டிஸ், அந்த இனம்.

"அத ஒருக்கா போட்டுப் பாப்பம் மொதலாளி" என்று அக்கா விடாமல் நச்சரித்தார். தொல்லை தாங்காமல் அவரும் சரி என்றார்.

முதல் லொட் ஊத்திக்கொண்டது. டேப்பை ஒட்டி இழுத்துப் பார்ப்பது என் வேலை. இழுத்தேன்... பால் ஆடை மாதிரிப் பூச்சு முழுக்க டேப்போடு வந்துவிட்டது. சுப்பர்வைசர் வாய்விட்டுச் சிரித்தார்.

பிழை மருந்தில் இல்லை. ஊறவைத்த பிறகு பிளாஸ்டிக்கில் ஒரு பழுப்புக் கறை படியுமாம். அதை இன்னொரு தொட்டியில் போட்டு நீக்க வேண்டுமென்று ஏஜென்ட் போனில் விளக்கினார். நாங்கள் வெறும் தண்ணீரில் அலசி எடுத்திருந்தோம்.

திரும்பச் செய்தோம். டேப் வெறுமனே வந்தது. அக்கா அதை என் கையிலிருந்து பிடுங்கி, ஒட்டி ஒட்டி இழுத்துப் பார்த்தார். "ஒட்டிருச்சுடி! ஒட்டிருச்சு!" என்று சத்தம் போட்டுச் சிரித்தார்.

கொஞ்ச நாளில் பெக்கிங்கில் இருக்கும் ராணி, "கொண்டிஸ்தானே" என்று ஒரு வல்லாரைக் கட்டோடு தொட்டியடிக்கே வந்துவிட்டாள். கழுவ!

"அடியே! அதுல அசிட்டும் கலந்திருக்கு. கை வெந்துரும்!" அக்கா போட்ட சத்தத்தில் கீரைக்கட்டு கீழே விழுந்துவிட்டது.

ஆமாம், புது மருந்தும் தேன் இல்லை. கிளவுஸ் வேண்டும், கண்ணாடி வேண்டும். கழுவின தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் வெளியே விடக் கூடாது. அதற்கும் அக்காதான் சண்டை பிடித்துத் தனித் தொட்டி கட்டவைத்தார். ஆனால் மூக்கில் இரத்தம் வருவது நின்றது. ஓயாவுக்கு மஞ்சள் தண்ணீர் போவதும் நின்றது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

நேற்றுச் சாவு வீட்டில், பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுப்பர்வைசர் சொல்கிறார்: "இனிப் பழைய அசிட்டுக்கே போயிருவோம். அதுலதான் வேல சட்டுன்னு முடியும். புஷ்பாவுக்காகத்தானே இவ்வளவு நாளும் பொறுத்தோம்."

முதலாளி "ம்" என்றார். அக்கா அந்தப் பக்கத்திலேயே பெட்டியில் கிடந்தார்.

சாவு வீடு என்பதால் நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

அசிட்தான் அக்காவைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. தெரியாததைச் சொன்னால் அக்காவே எழும்பி வந்து ஏசுவார். ஆனால் அந்த லேஞ்சியை நான் பார்த்திருக்கிறேன். என் லேஞ்சியும் அப்படித்தான் இருந்தது.

புஷ்பாவுக்காகப் பொறுத்தீர்களா? அப்படியென்றால் எங்களுக்கு மூக்கு இல்லையா? ஓயாவில் குளிக்கிறவர்கள் எல்லாம் யார்?

கொண்டிஸில் நேரம் கூட எடுக்கும்தான். சில பீஸ் இன்னும் கொப்புளம் போடும்தான். திரும்பச் செய்கிறோம். இனியும் செய்வோம்.

காலையில் பெக்டரிப் பிள்ளைகள் எல்லாரோடும் போனில் பேசிவிட்டேன். "வேலைய விட்டு நிப்பாட்டினா என்னக்கா செய்றது?" என்று ராணி கேட்டாள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு அவளே சொன்னாள், "எல்லாரையுமா நிப்பாட்டுவாங்க? பாப்பமே."

முதலாளி என் பிரெண்ட் லிஸ்டில் இருக்கிறார். இதைப் பார்ப்பார். பார்க்கட்டும். பழைய அசிட் வரும் அந்தச் சிவப்பு டிரம் கேட்டுக்குள் வந்தால், அதன் மூடியைத் திறக்க எங்களில் ஒருத்தியும் இல்லை.

நீங்க நிம்மதியா போங்க அக்கா. தொட்டியடியில நாங்க நிக்கிறோம்.