மாப்பிள்ளைக்கு ஒரு அருவி

திண்டிவனம் பக்கத்தில் அருவி இருக்கிறது என்று நான் சொன்னதும் என் மனைவி தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்து என் முகத்தைப் பார்த்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் என்ன விசேஷம் என்று யாராவது கேட்டால், இங்கிருந்து எல்லா ஊருக்கும் பஸ் உண்டு என்பதைத்தான் பெருமையாகச் சொல்லுவோம். இங்கே வந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் வேறு எங்கேயோ போகிறவர்கள். என் மகளும் மாப்பிள்ளையும் மட்டும் தீபாவளிக்கென்றே கோயமுத்தூரிலிருந்து காரில் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புவதாக ஏற்பாடு.

எனக்கு அவள் இன்னும் ஒரு நாள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். பெற்ற பெண்ணிடம் 'இரும்மா' என்று சொல்வதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் இன்னும் பெண்ணைக் கட்டிக் கொடுக்காதவர்கள். கட்டிக் கொடுத்த பிறகு மகளை இருக்கச் சொல்வது மாப்பிள்ளையைப் பிடித்துக் கட்டிப்போடுவதற்குச் சமம். அவருக்கு ஆபீஸ் இருக்கும். ஊரில் அவருடைய அம்மா இருப்பார். யாருக்காவது முகம் சுண்டிப்போகும். ஆகவே நாகரிகமான மாமனார் என்பவர் வாயை மூடிக்கொண்டு, மட்டன் மட்டும் வாங்கிக்கொண்டு வந்து போட்டபடி இருக்க வேண்டும். வந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் நாகரிகமாக இருந்தேன்.

சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையே வாயைத் திறந்தார். அவர் மலையேறுகிறவர். மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் அவருடைய செல்போனில் இருக்கிறது. அதை நான் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்திருக்கிறேன், இரண்டு தடவை.

"ஏனுங் மாமா, இந்தப் பக்கம் ஏறி எறங்கறதுக்கு ஒரு எடமும் இல்லீங்களா?"

செஞ்சிக் கோட்டையையும் பெருமுக்கல் மலையையும் போன தடவையே காட்டித் தீர்த்தாகிவிட்டது. என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "செஞ்சி போற வழியில, காட்டுக்குள்ள ஒரு அருவி இருக்குதுங்க. யாருக்கும் தெரியாது. இன்னிக்கி முடியாது. நாளைக்கி விடிகாலையில போனாத்தான் உண்டு."

"நீங்க போயிருக்கீங்களா?"

"குளிச்சே இருக்கேங்க."

உண்மையில், விழுப்புரத்தில் வேலை பார்த்த காலத்தில் ரயிலில் கூட வரும் ஒருவர் அந்த அருவியைப் பற்றிச் சொல்லுவார். அதே மனிதர், தான் சிறுத்தையை நேருக்கு நேர் பார்த்ததாகவும் சொல்லுவார். சிறுத்தையை நான் நம்பவில்லை. அருவியை மட்டும், தேவைப்பட்ட நேரத்தில், நம்பிவிட்டேன்.

"அருவியா?" என்றாள் மனைவி. "கட்டிக்கினு வந்து இத்தினி வருசத்துல என்ன ஒரு நாள் கூட்டிக்கினு போயிருக்கீங்களா?"

மாப்பிள்ளை பயணத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டார். ஒரு நாள் கிடைத்துவிட்டது. இனி அருவி ஒன்றுதான் கிடைக்க வேண்டும்.

செல்போன் மேப்பில் அப்படி ஓர் இடம் இருக்கத்தான் செய்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து, 'சூப்பர் இடம், தண்ணீர் இல்லை' என்று எழுதியிருந்தார். அந்த வாரம் மழை பெய்திருந்ததால் நான் தைரியத்தை விடவில்லை. ஞாயிறு காலையில், மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சாதத்தோடு மூவரும் கிளம்பினோம். அவள் வரவில்லை. முழங்கால் வலி என்றாள். என் அவமானத்தைக் கண்ணால் பார்க்க வேண்டாமே என்ற கருணையாகவும் இருக்கலாம்.

தார் ரோடு ஒரு மல்லாட்டைக் கொல்லையின் ஓரத்தோடு முடிந்தது. வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் வழி கேட்டேன்.

"அருவியா? அதெல்லாம் இல்லீங்களே. பாறை மேலேர்ந்து தண்ணி ஊத்தும், அதச் சொல்றீங்களா?"

"அதாங்க, அதாங்க."

"அங்க இன்னாத்துக்குப் போறீங்க? ஆடு கீடு காணாம பூட்சா?"

"மாப்பிள்ளை பாக்கணும்னாரு."

அந்த அம்மா மாப்பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மலைக்கென்றே செய்த ஷூ, மடக்கு கைத்தடி, உறிஞ்சிக் குடிக்கக் குழாய் வைத்த பை. "பாவம்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

பாதை என்று ஒன்று இல்லை. ஆடு போன இடம் பாதை, ஆடு போகாத இடம் முள். மாப்பிள்ளை தடியை ஊன்றி அழகாக ஏறினார். நான் ரப்பர் செருப்போடு, நாலு காலில் என்று சொன்னால் தவறில்லை, ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கச் சொன்னால் ஆட்டோ கேட்கும் என் மகள், எனக்குக் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போனாள். ஒரு மொட்டைப் பாறையின் நடுவே போன் நாங்கள் வந்து சேர்ந்துவிட்டதாக அறிவித்தது. சுற்றிலும் வெயில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்து, இன்னும் கொஞ்சம் மேலே என்று கையைக் காட்டினேன். எதை நம்பிக் காட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கொஞ்சம் மேலே அது இருந்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடியைவிடச் சற்று உயரமான பாறை. அதிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் தெருக் குழாயில் வருவதைவிட அதிகமாகவே விழுந்தது. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். இதற்கு மேலே பெரிய அருவி இருக்கிறதோ என்று தேடுகிறார் என்று புரிந்தது. பிறகு, மேலே ஏறிப் படம் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

நானும் மகளும் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தோம்.

"இங்க எப்பப்பா குளிச்ச?"

"சின்ன வயசுல."

"வெந்நி இல்லன்னா நீ குளிக்கவே மாட்ட. எதுக்குப்பா இந்தப் பொய்யி?"

"ஒரு நாள் கூட இருப்பியேன்னுதாம்மா" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அவரு அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் லீவு போட்டுக்கினுதாம்பா வந்தாரு. வந்தன்னிக்கே நீ 'எப்பக் கெளம்பறீங்க'ன்னு கேட்டியே. மாமாவுக்கு நம்மளால செரமம்போல, இருங்கன்னு ஒரு வார்த்த வரலியேன்னாரு. அவங்க ஊர்ல கையப் புடிச்சி இருங்க இருங்கன்னு சொல்லுவாங்கப்பா. சொல்லாத வீட்ல எப்பிடி இருப்பாரு?"

நான் கேட்டது, இன்னும் எத்தனை நாள் அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள. அதை அவளிடம் சொன்னேன். மரியாதை, மரியாதை என்று நானும் அவரும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்றுகொண்டு, நடுவில் ஒரு வாரத்தைக் கோட்டை விட்டிருக்கிறோம்.

மாப்பிள்ளை இறங்கி வந்தார். நான் எழுந்து நின்று, "மாப்பிள்ள, வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் இருந்துட்டுப் போங்க" என்றேன். தண்ணீர் இரைச்சலில் காதில் விழவில்லை என்று அவர் தப்பிக்க வழியில்லை. அது அவ்வளவு இரைச்சல் போடும் அருவி அல்ல.

அவர் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "வெள்ளிக்கிழமையே லீவத் திருப்பிக் குடுத்துட்டேனுங்க மாமா. நேத்துத்தான் அருவிக்காக இன்னொரு நாள் கேட்டு வாங்கி, செவ்வாக்கெழம வந்தர்றேன்னு சொல்லிப்போட்டேன். மாத்த முடியாதுங்க."

"பரவால்லீங்க" என்றேன். பாறைமேல் உட்கார்ந்து சாதத்தைச் சாப்பிட்டோம். அருவி ரொம்ப நல்லாயிருக்கிறது என்று அவர் இரண்டு முறை சொன்னார். நானும் சமீபத்தில் பொய் சொல்லியிருந்ததால், அந்தப் பொய்யின் அன்பு எனக்குப் புரிந்தது. என் வாழ்க்கையில் அவரை அவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை காலையில் கிளம்பினார்கள். செவ்வாய் வந்தது, புதன் வந்தது, அந்த வாரம் முழுவதும் ஒரு நாள் விடாமல் வந்தது. அவள் எங்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டிய நாட்கள் அவை. அவள் இருந்திருந்தால் எப்படி வீட்டிலேயே இருந்திருப்பேனோ அப்படியே, அந்த ஞாயிற்றுக்கிழமை முடியும்வரை நான் வெளியே எங்கும் போகவில்லை.