ரெண்டு சக்கரமும் சேர்ந்து இழுத்த நாள்

அந்த மலைச்சரிவுப் பண்ணைகளில் பால்வண்டிக்காரி என்றால் எல்லாருக்கும் தெரியும். விடிந்ததும் பிக்கப்பைக் கிளப்பி, பண்ணை பண்ணையாக நின்று கேன்களை ஏற்றி, வெயில் ஏறுவதற்குள் குளிரூட்டும் நிலையத்தில் சேர்ப்பாள். முன்பு அந்த வண்டியை ஓட்டியவன் அவள் கணவன். கேன் தூக்கித் தூக்கி முதுகில் டிஸ்க் விலகிப்போனது. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, சாவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து அடுப்படி அவன் பாடு, வண்டி அவள் பாடு.

நிலையத்தில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது முதலில் வாயைத் திறந்தவன் இன்னொரு பால்வண்டிக்காரனான கொம்பன்தான். முறுக்கு மீசையால் வந்த பட்டப்பெயர் அது. "இனி பால் வராது, தயிர்தான் வரும்" என்று அவள் காதுபடவே சொன்னான். அவள் உள்ளுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டாள்.

முதல் மழைக்கே வண்டி மாட்டிக்கொண்டது. மண்பாதையில் இடதுபக்கப் பின்சக்கரம் சேற்றுப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அது மட்டும் வெறிபிடித்ததுபோலச் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது. கெட்டியான கல்தரையில் நின்ற வலதுசக்கரமோ அசையவே இல்லை. முட்டி வரை சேறு, முதுகுக்குப் பின்னால் வண்டி நிறையப் பால். அவளுக்கு அழுகை முட்டியது.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்து நின்றது கொம்பனின் வண்டி. சிரிக்கப்போகிறான் என்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினான்.

"மிதிக்காத தங்கச்சி. நீ மிதிக்க மிதிக்க அது குழி தோண்டும். பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல தொங்குது பாரு ஒரு உருண்டை, அதுதான் டிஃபரன்ஷியல். எந்தச் சக்கரம் லேசா சுத்துதோ, அதை சும்மா சுத்த விட்டுடும். பாரம் தாங்குற சக்கரத்துக்கு ஒண்ணும் போய்ச் சேராது. சோம்பேறிக்குச் சோறு, உழைக்கிறவனுக்குப் பட்டினி."

"அப்ப என்னதான்ணே பண்றது?"

"ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழு. சுத்துறதுக்கு ஒரு கடிவாளம் விழும். அப்ப அடுத்ததுக்கும் சக்தி போகும். மெதுவா எடு."

இழுத்தாள். வண்டி முனகியது, வலதுசக்கரம் சோம்பல் முறித்து எழுந்ததுபோல ஒரு தள்ளு தள்ளி மேலே ஏறியது. அவள் நன்றி சொல்வதற்குள் கொம்பன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவனும் அவளும் மெக்கானிக்கிடம் போனார்கள். மெக்கானிக் இரண்டு வழி சொன்னார்.

"லிமிடெட் ஸ்லிப்னு ஒண்ணு இருக்கு. ஒரு சக்கரம் வழுக்குனா, தானாவே அடுத்ததுக்குக் கொஞ்சம் சக்தியைத் தள்ளும். நீங்க எதையும் அமுக்க வேண்டாம், தார் ரோட்டுலயும் தொல்லை இல்லை. ஆனா ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்குனா கையை விரிச்சிடும். லாக்கர் வேற மாதிரி. பட்டனை அமுக்குனா ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாப் பூட்டிடும். ஒண்ணு தொங்குனாலும் இன்னொண்ணு இழுக்கும். தார் ரோட்டுல மட்டும் மறக்காம எடுத்துடணும். வளைவுல வெளிச்சக்கரம் கூட ஓடணும், உள்சக்கரம் கம்மியா ஓடணும் இல்லையா? ரெண்டையும் கட்டிப்போட்டா வண்டி திரும்பாது, டயரையும் தின்னுடும்."

கணவன் யோசிக்கவே இல்லை. "லாக்கரே போடுங்க" என்றான். வெளியே வந்ததும் அவளிடம் மெல்லச் சொன்னான்: "கூட வந்து தள்ள நான் இல்லையேம்மா. அந்தப் பட்டனாவது உன்கூட இருக்கட்டும்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, ஓடைக்கு அப்பாலிருந்த பண்ணைக்காரம்மா தலைதெறிக்க ஓடிவந்து வண்டியை மறித்தாள். கொம்பன் ஓடையில் மாட்டி, சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கி வழுக்கி விழுந்து, கால் முறிந்து கிடக்கிறானாம். ஆம்புலன்ஸ் தார் ரோட்டைத் தாண்டி வரமுடியாது என்று அங்கேயே நின்றுவிட்டதாம்.

அவள் கேன்களை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு ஓடைக்கரையில் வண்டியை நிறுத்திப் பட்டனை அமுக்கினாள். விளக்கு எரிந்தது. நடு ஓடையில் ஒரு பின்சக்கரம் பாறையை விட்டுக் கிளம்பி அந்தரத்தில் நின்றது. ஆனால் மற்றொன்று விடாமல் இழுத்துக்கொண்டு போய் அக்கரையில் சேர்த்தது.

கரையில் கிடந்த கொம்பனை வைக்கோல் பரப்பிப் பின்னால் படுக்கவைத்தார்கள். பண்ணைக்காரம்மா தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். வலியிலும் அவனுக்கு வாய் ஓயவில்லை.

"என் வண்டியில லிமிடெட் ஸ்லிப் தங்கச்சி. சக்கரம் தொங்குனதும் கைவிட்டுடுச்சு."

"ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்த ஹேண்ட்பிரேக் என்னாச்சுண்ணே?"

"கேபிள் அறுந்து ரொம்ப நாளாச்சு" என்றான் சின்னக் குரலில். பண்ணைக்காரம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுபடி ஓடையைக் கடந்து தார் ரோடு ஏறியபின், பட்டனை விடுவித்தும் விளக்கு அணையவில்லை. ஸ்டியரிங் பாறையாக இருந்தது. "கொஞ்சம் பின்னாடி எடு, அப்பத்தான் பூட்டு விடும்!" என்று பின்னாலிருந்து கொம்பன் குரல் கொடுத்தான். எடுத்தாள், விட்டது. இருவருமாகத்தான் அந்த வண்டியை ஆம்புலன்ஸ் வரை ஓட்டினார்கள் என்று சொல்ல வேண்டும்.

கொம்பனின் கால் கூடும்வரை அவன் பால் எடுக்கும் பண்ணைகளுக்கும் அவளே போனாள். கூலி அவனுக்கே போகட்டுமென்று ஒவ்வொரு கேனையும் அவன் பேரிலேயே இறக்கினாள். நிலையத்தில், "எதுக்கு அவன் பேர்ல? உன் பேர்லயே போட்டுக்கயேன்" என்று ஒருவன் கேட்டான். "பாலு அவரோட பண்ணைப் பாலு. நான் சும்மா சக்கரம் மட்டும்தான்" என்றாள்.

கொம்பன் கைத்தடியோடு திரும்பி வந்த நாளில் வரிசை அப்படியே நின்றுவிட்டது. மீசை ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது, ஆஸ்பத்திரி வேலை. அவன் அவள் வண்டிக்கு எதிரே வந்து நின்று கைகூப்பினான்.

"மீசை இல்லாம யாருன்னே தெரியலண்ணே" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"வீட்டுலயும் அதான் சொல்றாங்க" என்றான் கொம்பன். பிறகு கைத்தடியை அவள் வண்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு, அவளுடைய முதல் கேனை அவனே உருட்டி இறக்கினான்.