நூற்றுக்குத் தொண்ணூறு

வெளி கேட் வரை போனவர் நிற்கிறார். தோளில் தொங்கும் பையை இறக்காமலே அண்ணாந்து எங்கள் கட்டடத்தின் உச்சியைப் பார்க்கிறார். திரும்பி வந்து லிஃப்ட்டுக்குள் ஏறி, எட்டாவது மாடி வரை போய் இறங்குகிறார். கதவில் காதை வைத்துக் கேட்கிறார். மறுபடி கேட் வரை போகிறார். நிற்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன்பு நான் அவரை முதன்முதலாகக் கவனித்த அன்று இது ஏழு தடவை நடந்தது. "அண்ணே, ரிப்பேர் பண்ண வந்தீங்களா, சும்மா சவாரி போக வந்தீங்களா?" என்று காவலாளி கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

கம்பெனியில் அவருக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். பிரேக்கின் சத்தத்தை வைத்தே அதன் வயதைச் சொல்லிவிடுவார் என்பார்கள். எண்ணெயில் புழங்கும் மனிதருக்கு நகங்கள் அவ்வளவு சுத்தமாக இருக்கும். பேச்சில் 'ஒருவேளை' அடிக்கடி வரும். "ஒருவேளை போல்ட்டு லூசா இருந்தா? ஒருவேளை நான் முடுக்கினதா நெனச்சுக்கிட்டு முடுக்காம விட்டிருந்தா?"

இது எங்கே தொடங்கியது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். வேறொரு கட்டடத்தில் லிஃப்ட் தளத்துக்கு ஒரு முழம் கீழே நின்றுவிட, இறங்கப் போன பெரியவர் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இவர் அங்கே பராமரிப்பு அட்டையில் கையெழுத்துப் போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. விசாரணை நடந்தது. இவர் மேல் தப்பில்லை, கம்பி இணைப்பு ஒன்றை எலி கடித்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். "அவங்க எழுதிட்டாங்க சார். என் மனசு கையெழுத்துப் போடல."

அன்றிலிருந்து வேலை முடிந்தும் முடியவில்லை. டூட்டி முடிந்து பஸ்ஸில் பாதி வழி போய் இறங்கித் திரும்புவார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் மனைவியையும் மகளையும் ஆறு மாடி படியேற வைப்பார். வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும்போது கண் எங்கேயோ இருக்கும். பதினோரு வயது மகள் ஒருநாள், "அப்பா, நீங்க வந்துட்டீங்க, ஆனா இன்னும் வரல" என்றாளாம். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் மாட்டிவிட்டது ஒரு போல்ட்டு. ஒரே மாதத்தில் அதைப் பதினேழு முறை கழற்றி முடுக்கியிருக்கிறார். மரை தேய்ந்து, பிடிமானமே போய்விட்டது. நன்றாக இருந்ததைக் கெடுத்தது இவருடைய பயம்தான். சூப்பர்வைசர் இறுதி எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினார்: டூட்டி நேரத்துக்கு வெளியே இன்னொரு முறை லிஃப்ட்டின் மெஷின் ரூமைத் திறந்தால் வேலை கிடையாது. நீட்டிய கையோடு அவரே தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு மனநல ஆலோசகர் முன்னால் உட்காரவைத்தார்.

"என்னைவிடப் பத்து வயசு சின்னவங்க சார் அந்தம்மா. ஒரு தடவகூட 'ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க'ன்னு சொல்லல. எனக்குக் கோவமா வந்துச்சு. அதக் கேக்கத்தானே போனேன்."

அந்தம்மா கேட்டதெல்லாம் கேள்விகள். லிஃப்ட் விழும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள், நூற்றுக்கு எத்தனை? தொண்ணூறு என்றார். ஆதாரம் என்ன? பயமாக இருக்கிறது என்றார். பயமாக இருப்பது ஆதாரமா? பிறகு அந்தம்மா ஒரு நோட்டில் கட்டம் போடச் சொன்னார்: என்ன நடந்தது, என்ன தோன்றியது, எவ்வளவு நம்பினேன், அதற்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன, கடைசியில் நிஜமாக என்ன ஆனது. எதிர்ச்சாட்சிக் கட்டத்தை நிரப்ப இவருக்குத் தன் தொழிலே போதுமாக இருந்தது. ஐந்து கயிறு, ஒன்றே தாங்கும். வேகம் மீறினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் பிடி. அதற்கும் கீழே பள்ளத்தில் ஸ்பிரிங். "இத்தன வருஷமா ஊருக்கெல்லாம் இதச் சொல்லிருக்கேன். எனக்கு நான் சொன்னதில்ல."

எழுதினால் மட்டும் போதாது, செய்து பார்க்க வேண்டும். ஒரே முறை சரிபார்ப்பது, பூட்டுவது, கிளம்புவது. திரும்பிப் போகக் கூடாது. அப்படித்தான் எங்கள் கட்டடத்துக்கு எதிர் பஸ் நிறுத்தத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, சட்டை நனைய வியர்த்து உட்கார்ந்திருந்தவரிடம் உடம்பு சரியில்லையா என்று கேட்கப்போனேன். "பேசாதீங்க சார். ஏறிக்கிட்டிருக்கு. எறங்கணும்" என்றார். லிஃப்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பயத்தைச் சொல்லியிருக்கிறார். நாற்பத்தொன்றாவது நிமிடம் மூச்சை விட்டார். அடுத்த வாரம் இருபத்தாறு. அதற்கு அடுத்த வாரம் பயம் இறங்கும்வரை காத்திருக்க முடியாமல், பாதியிலேயே எழுந்து வந்த பஸ்ஸில் ஏறி ஓடிவிட்டார். மறுவாரம் மறுபடி நாற்பது. மேலும் கீழுமாகத்தான் போனது.

சென்ற மாதம் ஒரு காலையில் எங்கள் லிஃப்டைப் பார்த்துவிட்டு, ஒரே தடவையில் பூட்டிக்கொண்டு போனார். பதினொன்றரை மணிக்கு லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றது. உள்ளே ஆறாவது மாடிப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி, தனியாக. பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்தவர் பத்து நிமிடத்தில் ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் கதவருகே குனிந்தபோது குரல் நிதானமாக வந்தது. "அம்மா, நான் மெக்கானிக். கீழ உக்காந்துக்குங்க. கதவத் தொடாதீங்க. லேசா அசையும், பயந்துடாதீங்க."

துணைக்கு வர வேண்டிய ஆள் வர அரை மணியாகும் என்றார்கள். உள்ளே அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். "சார், மேல வாங்க."

மொட்டை மாடி மெஷின் ரூமில் மெயினை அணைத்து, அணைந்ததா என்று ஒரு முறை சோதித்தார். லிஃப்ட்டைக் கையால் நகர்த்தும் பெரிய சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தார். பிரேக்கை விடுவிக்கும் நெம்புகோல் என் பக்கம் இருந்தது. அதை அமுக்கினால் பிரேக் விலகும்; அப்போது லிஃப்ட்டை ஓடாமல் பிடிப்பது அவர் கைகள் மட்டுமே. எனக்குச் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார்: "காலைல நான் ஏதோ விட்டுட்டேன்னு தோணுது. தொண்ணூறு." ஒரு மூச்சு இழுத்தார். "சரி, தோணட்டும். கைய இங்க வைங்க சார். 'அமுக்கு'ன்னா அமுக்கணும். 'விடு'ன்னா அந்த நொடியே விட்டுடணும்."

அமுக்கு. விடு. அமுக்கு. விடு. சக்கரம் சாண் சாணாக நகர்ந்தது. ஒருவேளை என் கை வழுக்கினால்? இத்தனை வருடம் அவர் எந்த வார்த்தையோடு குடித்தனம் நடத்தினார் என்று அப்போதுதான் உறைத்தது. கயிற்றில் நான்காவது மாடிக்கென்று பூசியிருந்த மஞ்சள் அடையாளம் நேருக்கு வந்ததும், "விடு. போதும்" என்றார்.

நான்காவது மாடியில் சாவி போட்டுக் கதவைத் திறந்தோம். அவள் தன் காலாலேயே வெளியே வந்தாள். படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். காரணம் மூன்றாவது மாடியில் கிடைத்தது. யாரோ அலமாரி தூக்கி வந்தவர்கள் வெளிக்கதவில் இடித்திருக்கிறார்கள். கதவு ஒரு நூல் விலகியது. விலகினால் நிற்க வேண்டிய லிஃப்ட் நின்றது. அவ்வளவுதான். அவர் கதவை நேராக்கினார். ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே ஓட்டிப் பார்த்தார். நோட்டை எடுத்துச் சுவரில் வைத்து ஒரு வரி எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் மருத்துவமனைக்குப் போகக் கிளம்பியவள். நான்கு மாடி படியிறங்கும் தெம்பு இல்லை. லிஃப்ட்டின் முன் நின்று, "இனிமே நிக்காதில்ல அண்ணே?" என்றாள்.

சத்தியம் செய்து கொடுக்கச் சொன்னால் முன்பெல்லாம் அவர் இன்னும் பத்து முறை ஏறி இறங்கியிருப்பார்.

"நிக்கலாம்மா. ஏதாவது தப்பாச்சுன்னா நிக்கறதுதான் அதோட வேல. நின்னா கூப்பிடுங்க, வந்துடுவேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு ஏறினாள். கதவு மூடியது. மேலே எண்கள் இறங்கத் தொடங்கின. நான்கு, மூன்று. என் கண் அதிலிருந்து நகரவில்லை. அவர் அதற்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்து, ஒரு ஷூவைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினார். சின்னக் கல் ஒன்று விழுந்தது. காலுறையை இழுத்து நேராக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் நாடாவைக் கட்டினார்.