முக்கால் மணி நேரம் நூல் பார்த்தது

தொண்ணூறுகளின் பிற்பகுதி. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு இருபதுக்குச் சென்னையில் சுற்றுலா அலுவலக வாசலில் பேருந்து ஏறினேன். காஞ்சிபுரமும் மாமல்லபுரமும் ஒரே நாளில், சாப்பாடு சேர்த்து நூற்றெண்பது ரூபாய். முன்பதிவு செய்தபோதே பயணச்சீட்டோடு ஒரு கையேடும், எண் போட்ட கருத்துச் சீட்டு ஒன்றும் தந்தார்கள். கையேட்டின் அட்டையில் பட்டுப் புடவை கட்டிய பெண் ஒருத்தி கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கோயில் பெயர்களும், ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம் என்பதும் இருந்தன. 'வரதராஜப் பெருமாள் கோயில், 11.30 முதல் 12 வரை' என்ற வரியை நான் முதல் நாளே கோடிட்டு வைத்திருந்தேன்.

காரணம் அம்மா. தூத்துக்குடியிலிருந்து கடிதம் போட்டிருந்தாள். மெட்ராசுக்குப் போய் மூன்று வருடமாகிறது, இன்னும் காஞ்சிபுரத்து வரதராஜர் கோயில் தங்கப் பல்லியைத் தொடவில்லையே, தொட்டால்தானே ஒரு வழி பிறக்கும் என்று. வழி என்று அவள் எழுதியது கல்யாணத்தை.

வழிகாட்டியின் பெயர் தேவகி. இருபத்தைந்து வயதிருக்கும். ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, தேவையில்லாமல் மெதுவாகப் பேசினார்.

"எனக்குச் சொந்த ஊரு முசரவாக்கம்ங்க. காஞ்சிபுரத்துக்குப் பக்கந்தான். எங்க வீட்டுக்குக் கூட்டிக்கினு போற மாதிரி நெனைச்சிக்கோங்க."

நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். பூந்தமல்லி தாண்டியதும் பனி. கண் திறக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு ஏரி, அதன் கரையில் பாதி தெரிந்த பனைகள். அதே ஏரிதான் கூடவே வருகிறதோ என்று தோன்றியது. எழுபத்தைந்து கிலோமீட்டரும் அப்படித்தான் கழிந்தன.

8.40. வண்டி நின்றுவிட்டது. பெரிய தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்ததால் ஓட்டுநர் நெசவாளர் தெரு ஒன்றில் திருப்பியிருந்தார். நடுத்தெருவில், இடுப்பளவு உயரத்தில், அறுபதடி நீளத்துக்கு மாம்பழ மஞ்சளில் பட்டு இழைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் நீளவாட்டு இழைகளை இப்படித் தெருவில் நீட்டிக் கஞ்சி தடவிக் காயவைக்கிறார்கள்; அந்த இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஓட்டுநர் ஒலியெழுப்பினார். இழைகளைக் கோதிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்.

"இப்பத்தான் கஞ்சி தடவியிருக்குதுபா. தூக்குனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். காயட்டும்."

பின்னால் போகலாமென்றால் எங்களை நம்பி இரண்டு வேன்களும் ஒரு மணல் லாரியும் வந்து நின்றிருந்தன. நான் தேவகியிடம் போய், நீங்கள் உள்ளூர்தானே, சொல்லித் தூக்கச் சொல்லுங்கள் என்றேன்.

"சொல்லமாட்டேன் சார். ஒரு பாவுல மூணு புடவை. கெட்டுப்போனா அந்த வீட்டுல ஒரு மாசத்துச் சோறு போச்சு. நீங்க எறங்கிப் பாருங்களேன்."

முப்பது பேரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினோம். அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? ஒன்றுமே நடக்கவில்லை. வெயில் வீட்டு ஓடுகளிலிருந்து மெல்ல இறங்கி இழைகளின்மேல் விழுந்தது. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கமாக நடந்து, அறுந்த இழைகளைத் தேடிப் பிடித்து விரலால் முறுக்கி இணைத்தார்கள். அந்த முடிச்சு எங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. சைக்கிளில் வந்தவர்கள் கேட்காமலே இறங்கிக் காத்திருந்தார்கள். காற்று வரும்போது தெரு முழுக்க மஞ்சள் ஒருமுறை அசைந்து அடங்கியது. கஞ்சி வாசனையில் எனக்கு மறுபடி தூக்கம் வந்தது. நின்றுகொண்டே கொஞ்சம் தூங்கினேன் என்றும் நினைக்கிறேன். 9.25க்குப் பாவைச் சுருட்டிக்கொண்டு போனார்கள், நாங்கள் வண்டியேறினோம்.

அந்த முக்கால் மணி நேரம் அதோடு போகவில்லை. கைலாசநாதரில் ஐந்து நிமிடம், ஏகாம்பரநாதரில் ஐந்து நிமிடம் என்று தேவகி பிடித்துப் பார்த்தும், சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராஜர் வாசலுக்கு நாங்கள் போனது 12.05. நடை சாத்தியிருந்தது. இனி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். எங்களுக்கு அதற்குள் மாமல்லபுரம்.

எனக்கு வந்ததே கோபம்! தங்கப் பல்லி, அம்மா, மூன்று வருடம் எல்லாவற்றையும் தேவகியிடம் கொட்டினேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அது போதாதென்று கருத்துச் சீட்டை எடுத்து, பூட்டிய கதவின்மேல் வைத்தே எழுதினேன்: 'நடுத்தெருவில் நிற்கவைத்து முக்கால் மணி நேரம் நூலைக் காட்டினார்கள். பெருமாளைக் காட்டவில்லை.' அதைத் தேவகி கையிலேயே கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்துத் தேநீர் குடித்தோம், மூன்று ரூபாய். ஓட்டுநர் அருகில் வந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகல சார். மாசக் கடைசியில நீங்கல்லாம் எழுதுற சீட்டப் பார்த்துத்தான் வச்சிக்கிறதா அனுப்புறதான்னு முடிவு பண்ணுவாங்க."

பாதித் தேநீரை அப்படியே வைத்தேன். சீட்டைத் திருப்பிக் கேட்கப் போனேன்.

"நம்பர் போட்டிருக்குது சார். எல்லாச் சீட்டும் ஆபீசுக்குப் போயாகணும்" என்றார் தேவகி. "நீங்க பொய் எதுவும் எழுதலையே."

திரும்பும் வழியெல்லாம் கண்ணை மூடினால் மஞ்சள். கோயில்களில் பார்த்த சிற்பம் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. அந்தப் பெண்ணின் பிழைப்பை நான்தான் அறுத்துவிட்டேன் என்பது மட்டும் நெஞ்சை அரித்தது.

அடுத்த மாதம் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். முன்பதிவு மேசைக்கு அருகில் நின்றிருந்தவர் திரும்பினார். தேவகி.

"அட, தங்கப் பல்லி சார்!"

கையில் ஒரு புதுக் கையேட்டைக் கொடுத்தார். வரதராஜர் கோயில் 9.45க்கு முன்னேறியிருந்தது. அதற்கு மேலே ஒரு புது வரி: 'காலை 8.40. நடுத்தெருவில் நின்று முக்கால் மணி நேரம் நூல் பார்க்கலாம்.'

என் வரியை எனக்கே அடையாளம் தெரியச் சற்று நேரமானது.

"அதிகாரி கூப்ட்டு, என்னம்மா இதுன்னு உங்க சீட்டத்தான் காட்டுனாரு சார். நான் சொன்னேன், மத்தவங்க எல்லாரும் 'நல்லா இருந்துச்சு'ன்னு மட்டும் எழுதியிருக்காங்க சார், இவரு ஒருத்தருதான் என்ன பார்த்தோம்னு எழுதியிருக்காருன்னு. அந்த வரியையே கையேட்டுல போடச் சொல்லிட்டாரு. எனக்கு வேலைய இன்னும் ஆறு மாசம் நீட்டியிருக்காங்க. அப்புறம் பார்க்கலாம்னு."

எனக்குச் சந்தோஷம் ஒருபக்கம், ஊர் ஞாபகம் ஒருபக்கம். எங்கள் ஊர் உப்பளங்களில் விடியற்காலையில் உப்பு வாருவதை நான் எத்தனை நாள் நின்று பார்த்திருக்கிறேன்! அதைப் பற்றி எந்தக் கையேட்டிலும் ஒரு வரி கிடையாது. யாராவது அங்கே வந்து கோபப்பட்டு ஒரு சீட்டு எழுதிப் போட்டால் தேவலை.

மன்னிப்புக் கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. நூற்றெண்பது ரூபாய் கொடுத்து அடுத்த ஞாயிற்றுக்குச் சீட்டு வாங்கினேன். தேவகி கருத்துச் சீட்டையும் எடுத்து நீட்டினார். இந்த முறை 'நல்லா இருந்துச்சு' என்று எழுதிக் கெடுத்துவிடக் கூடாது.