ஐரிஷ் பெண்ணுக்கும் ப்ளீச்சாம்

இன்று ஹோம்புஷில் புருவம் திருத்தும் நம்மவர் கடை ஒன்றில் காத்திருந்தேன். எனக்கு முன் ஓர் ஐரிஷ் பெண். நாளை அவளுடைய முதல் வேலைக்கான நேர்காணலாம். கையிலிருந்த காசுக்குப் புருவத்தை மட்டும் திருத்தச் சிரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

முடித்ததும் கடைக்காரி அவள் கன்னத்தைத் தொட்டு, ப்ளீச் செய்தால்தான் முகம் எடுபடும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு என்னிடம், "பாருங்கோ அன்ரி, முகம் முழுக்கப் புள்ளி."

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. அவ்வளவு மோசமா என்று என்னிடம் கேட்டாள்.

"இதுக்கு மேலை வெள்ளையாக்கி, சுவருக்கோ பூசப் போறீர், பிள்ளை?" என்றேன் கடைக்காரியிடம்.

"நல்லதுக்குத்தானே அன்ரி சொன்னனான்."

நம் பெண்களிடமும் இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம், நல்லதுக்கென்று.

ஒரு குறையும் இல்லை, நாளைக்கு இதே முகத்தோடு போ என்று அவளிடம் சொல்லி, அவளோடு நானும் வெளியேறினேன்.

காடாகக் கிடக்கும் என் புருவத்தை வாய் திறக்காமல் திருத்தும் கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.